இரண்டு ஈரங்களுக்கு நடுவே ஒரு பை

1878 செப்டம்பர். தெற்கு பிரான்சின் மலைநாட்டில், லெ மொனாஸ்டியே என்ற சிற்றூரில் தங்கியிருந்த 27 வயது ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவர் தனக்கென்று ஒரு பை தயார் செய்துகொண்டார். கிட்டத்தட்ட ஆறடிக்கு ஆறடி. வெளிப்புறம், பாரவண்டிகளை மூடும் பச்சை நிற நீர்புகாத் துணி. உட்புறம், நீல நிற ஆட்டு ரோமம். பகலில் சாமான் மூட்டை, இரவில் படுக்கை. செலவு 80 பிராங்க், கூடவே இரண்டு கிளாஸ் பீர்.

பை தயாரான பிறகுதான் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது என்ற பிரச்சினை வந்தது. சந்தைத் திடலில் பேரம் பேசி ஒரு கழுதையை வாங்கினார். விலை 65 பிராங்க், ஒரு கிளாஸ் பிராந்தி. இரண்டில் கழுதைதான் மலிவு என்று அவரே கணக்குப் பார்த்து எழுதிவைத்தார்.

அந்த இளைஞர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு செவென் மலைகளில் 12 நாளில் சுமார் 190 கிலோமீட்டர் நடந்து, அதை 1879இல் ஒரு சிறு பயண நூலாக்கினார். அதில் கூடாரம் வேண்டாம் என்று தீர்மானித்ததற்கு அவர் சொல்லும் காரணங்கள் இன்றைக்கும் பொருந்தும். தனியாகப் போகிறவனுக்குக் கூடாரம் அடிப்பதும் தொல்லை, பிரிப்பதும் தொல்லை. மூட்டையைப் பார்த்தாலே இவன் வெளியில் படுக்கப்போகிறவன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பை அப்படியில்லை. நுழைந்தால் போதும், படுக்கை தயார். தலைக்கு, காதை மூடி மடித்துவிடக்கூடிய ரோமத் தொப்பி. பெருமழை வந்தால் மழைக் கோட்டு, மூன்று கற்கள், வளைத்த ஒரு கிளை ஆகியவற்றைக் கொண்டு தலைக்கு மேல் குட்டிக் கூரை போட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

இன்று மலையேறிகள் 'பிவி' என்று அழைக்கும் பைக்கு இது நேர் முன்னோர். இன்றைய பிவி, ஸ்லீப்பிங் பேக்கின் மேல் தலையணைக்கு உறை போடுவதுபோல் மாட்டப்படும் ஒரு மெல்லிய உறை. கம்பி கிடையாது, அல்லது முகத்தருகே ஒன்றே ஒன்று வளைந்து நிற்கும். நல்ல இலகு ரகம் ஒன்று 200 கிராம்தான் இருக்கும். கழுதை சுமந்ததை இப்போது சட்டைப் பை சுமக்கும்.

எடை இப்படி அடியோடு மாறிவிட்டது. பை செய்ய வேண்டிய வேலை மட்டும் மாறவே இல்லை. வெளியில் படுப்பவனை இரண்டு ஈரங்கள் தாக்கும். ஒன்று வெளியிலிருந்து வருவது: மழை, பனி, தரையின் ஓதம். இன்னொன்று அவனிடமிருந்தே வருவது. தூங்கும் மனிதன் ஓர் இரவில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீரை ஆவியாக வெளியே விடுகிறான். முதல் ஈரத்தைத் தடுக்கப் போடும் துணியே இரண்டாம் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்கிறது. இந்தப் பையை யார் கையில் எடுத்துத் திருத்தினாலும் இந்த வழக்கைத்தான் தீர்க்கப் பார்த்தார்கள். முழுத் தீர்ப்பு இன்றுவரை வரவில்லை.

ஸ்டீவன்சனுக்கு முன்பே ஆல்ப்ஸ் மலையில் முயற்சிகள் நடந்திருந்தன. சார்லஸ் மக்கின்டாஷ் 1823இல் ரப்பர் பூசிய துணிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, மழையைத் தடுப்பது ஒரு பெரிய காரியமாக இல்லை. ஆங்கிலேய மலையேறி பிரான்சிஸ் பாக்ஸ் டக்கெட் 1861இல் கம்பளிப் பை ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். சில வருடங்களில் அதற்கு ரப்பர் பூசிய அடிப்பாகம் வந்து சேர்ந்தது. ரப்பரை அடியில் மட்டும் வைத்து மேலே கம்பளியை விட்டது நல்ல யோசனை. கீழேயிருந்து ஓதம் ஏறாது, மேல் வழியாக உடல் ஆவி போய்விடும். மழை வந்தால்தான் சங்கடம். இன்றைய இலகு பிவிகள் பலவற்றில் இதே தத்துவம்தான், துணிதான் வேறு.

அடுத்த கட்டம் ஆஸ்திரியாவில். லிலியன்ஃபெல்ட் ஊரில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, பனிச்சறுக்கு விளையாட்டின் முன்னோடிகளில் ஒருவர். 1905இல் முதல் ஸ்லாலம் போட்டி என்று சொல்லப்படுவதை நடத்தியவர். அவர் பெயரால் வழங்கிய 'ஸ்டார்ஸ்கி சாக்கு'க்கு அடிப்பாகமே கிடையாது. இரண்டு மூன்று பேர் பாறை விளிம்பில் ஒட்டி உட்கார்ந்து, தலைவழியே கவிழ்த்துக்கொள்ள வேண்டியதுதான். துணிச் சுவர் காற்றை நிறுத்தும். மூச்சும் உடல் சூடும் உள்ளேயே சுற்றும். படுப்பதற்கு இடமில்லாத செங்குத்துச் சுவர்களில் வேறு எந்தப் பையும் இவ்வளவு உதவியிருக்காது.

சுவிட்சர்லாந்தின் ஐகர் சிகரத்தின் வடக்கு முகம் இந்தச் சாக்கின் பரீட்சை மண்டபம். 1935 ஆகஸ்டில் மாக்ஸ் செடில்மேயர், கார்ல் மேரிங்கர் என்ற இரு ஜெர்மானியர்கள் அங்கே புயலில் சிக்கி இறந்தார்கள். சுமார் 3,300 மீட்டர் உயரத்தில் அவர்கள் கடைசியாகத் தங்கிய இடம் மரண முகாம் என்றே பெயர் பெற்றுவிட்டது. மூன்றாண்டு கழித்து, 1938 ஜூலை 24 அன்று ஹெக்மேயர், ஃபோர்க், ஹாரர், காஸ்பரெக் ஆகிய நால்வர் அணி அதே முகத்தில் ஏறி முடித்தது. ஃபோர்குக்கு மலையேறிகள் வைத்திருந்த பட்டப்பெயர் 'பிவுவாக் ராஜா'. திறந்தவெளியில் ராத்தங்குவதையே ஒரு வித்தையாகப் பழகியவர் என்பதால் கிடைத்த பெயர் அது. பலமுள்ளவன் மலையேறுவான், மறுநாளும் ஏற வேண்டுமென்றால் ராத்திரியில் காய்ந்திருக்கத் தெரிய வேண்டும். இந்தப் பாடத்தை அந்தத் தலைமுறை கற்றது இப்படித்தான். ஸ்டார்ஸ்கி சாக்கின் வாரிசு இன்றும் உயிரோடிருக்கிறது. பிரிட்டனின் மலை வழிகாட்டிகள் தங்கள் குழுவுக்காகக் கொண்டுபோகும் கவிழ்ப்புக் கூடாரம் அதே வடிவம்தான்.

பிரான்சில் பியர் அலென் வேறு வழியில் யோசித்தார். பாரிஸ் அருகே ஃபோன்டென்ப்ளோ காட்டுப் பாறைகளில் பயின்ற இவர், தன் சாமான்களைத் தானே வடிவமைத்துப் பரிசோதிப்பவர். ஏறுபவனிடம் எப்படியும் தூவி நிரப்பிய ஜாக்கெட் இருக்கிறது. அப்படியிருக்க இடுப்புக்கு மேல் ஸ்லீப்பிங் பேக் எதற்கு? கால் முதல் இடுப்பு வரை மட்டும் மூடும் அரைப் பையை அவர் செய்தார். அதற்கு 'யானைக்கால்' என்று பெயர் வந்தது. மேலே ஜாக்கெட், கீழே யானைக்கால், எல்லாவற்றுக்கும் மேல் நீர்புகா அங்கி. 1935இல் ரேமோன் லெனாஞ்சேயுடன் பெத்தி த்ரு சிகரத்தின் வடக்கு முகத்தை முதன்முறையாக ஏறியபோது இந்தச் சிந்தனை பலித்தது. ஒரே பொருளை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள். இரண்டாவது பொருளை வீட்டில் விட்டுவிடு. இலகு முகாமின் முழுச் சூத்திரமும் இவ்வளவுதான்.

போருக்குப் பிறகு நைலானும் பாலித்தீனும் வந்தன. பிரிட்டனின் குன்றுகளில் நடப்பவர்கள் பையில் ஒரு ஆரஞ்சு நிறப் பாலித்தீன் உறை மடித்துக் கிடப்பது வழக்கமாயிற்று. கால் பிசகி விழுந்தவனை அதற்குள் நுழைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஆறு விசில் வீதம் ஊதி உதவி கேட்க வேண்டும். மழையும் காற்றும் அதில் அறவே நுழையா. உள்ளே இருப்பவன் விடியும்போது தன் ஆவியிலேயே நனைந்திருப்பான். உயிர் பிழைக்க அது போதும், உறங்க அல்ல. அவசரத்துக்கென்று இன்று விற்கும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் பிவிகளும் சுமார் 100 கிராம் எடையில் இதே வேலையைச் செய்கின்றன. அமெரிக்க விண்வெளித் திட்டத்துக்காக 1960களில் உருவான பளபளக்கும் தாளிலிருந்து வந்தவை அவை.

பெரிய திருப்பம் மலையிலிருந்து வரவில்லை, குழாய்க்காரர் கடையிலிருந்து வந்தது எனலாம். தண்ணீர்க் குழாய் மரையில் சுற்றுகிறோமே வெள்ளை டெஃப்லான் டேப், அதைக் குறைந்த பொருளில் செய்யும் வழியை அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பாப் கோர் தேடிக்கொண்டிருந்தார். 1969 அக்டோபர். டெஃப்லான் தண்டுகளை அடுப்பில் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்க்கிறார். பத்து சதவீதம் நீள்வதற்குள் ஒடிந்துவிடுகிறது. இன்னும் மெதுவாக இழுத்தாலும் அதே கதை. எரிச்சலில் ஒரு தண்டை வெடுக்கென்று இழுத்தார். அது ஒடியாமல் எட்டு மடங்குக்கும் மேல் நீண்டது, ஆனால் தடிமன் ஏறக்குறைய குறையவே இல்லை. உள்ளே நிறைந்தது பெரும்பாலும் காற்று. கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட அந்தப் பொருளைப் படலமாக்கினால், ஒவ்வொரு துளையும் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறிது, நீராவி மூலக்கூறு தாராளமாகப் போகும் அளவுக்குப் பெரிது. மழை உள்ளே வராது, வேர்வை வெளியே போகும். நூறு வருட வழக்குக்குத் தீர்ப்பு வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

1976இல் சியாட்டில் நகரின் எர்லி வின்டர்ஸ் நிறுவனம் கோர்-டெக்ஸ் துணிக்கு முதல் வணிக ஆர்டர் கொடுத்தது. அதே காலத்தில் மார்மட் நிறுவனத்தை நடத்திய இளைஞர்கள் கோர்-டெக்ஸில் செய்த ஸ்லீப்பிங் பேக்குகளோடு இறைச்சிக் குளிர்பதனக் கிடங்கில் படுத்துச் சோதித்தார்கள். பிறகு மேல்முறையீடு வந்தது. உடலின் எண்ணெய்ப் பசையும் உப்பும் படிந்ததும் முதல் தலைமுறைப் படலம் ஒழுகத் தொடங்கியது. 1970களின் இறுதியில் படலத்தின் உட்புறம் பாலியூரித்தேன் பூச்சு கொடுத்து ஒழுக்கை நிறுத்தினார்கள். ஒழுகல் நின்றது, ஆவி போகும் வேகம் கொஞ்சம் குறைந்தது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிய கதைதான் இதுவும்.

அடுத்து ராணுவம். அமெரிக்கப் படை 1990களில் கொண்டுவந்த தூக்கத் தொகுப்பில் மூன்று பகுதிகள்: மிதக் குளிருக்குப் பச்சைப் பை, கடுங்குளிருக்குக் கறுப்புப் பை, இரண்டையும் மூடும் கோர்-டெக்ஸ் பிவி. பிரஸ் பட்டன் வைத்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக்கொள்ளலாம். பிவி மட்டும் ஒரு கிலோ. காட்டுப் பச்சை திட்டு அச்சிட்ட அந்த உறை, ராணுவ உபரிக் கடைகள் வழியாக சாதாரண முகாம்காரர்கள் கைக்கு வந்தது. கனம், ஆனால் கிழியாது. பலருக்கு முதல் பிவி அதுதான்.

அந்த ஒரு கிலோவே அதிகம் என்று ஒரு கூட்டம் அதே ஆண்டுகளில் கிளம்பியது. ரே ஜார்டின் என்ற அமெரிக்க மலையேறி 1992இல் பசிபிக் கிரெஸ்ட் நெடும்பாதைக்காக எழுதிய கையேட்டில் கூடாரத்தைத் தூக்கிப்போட்டுத் தார்ப்பாயை எடுத்தார். மழையைத் தலைக்கு மேலேயே தார்ப்பாய் நிறுத்திவிடுகிறது. பிவிக்கு மிச்சமிருக்கும் வேலை சாரலும் தரை ஓதமும்தான். ஆகவே மேல்துணி முழு நீர்புகாத் துணியாக இருக்க வேண்டியதில்லை. நீரை உருட்டிவிடும் பூச்சுள்ள, காற்றோட்டமான மெல்லிய நைலான் போதும். அடிப்பாகத்துக்கு மட்டும் சிலிகான் பூசிய நைலான். சிறு பட்டறைகளில் ஒருவர் இருவராகத் தைத்து விற்ற இந்த பிவிகள் 150 முதல் 250 கிராமுக்குள் அடங்கின. டக்கெட்டின் ரப்பர் அடிப்பாகம், ஸ்டீவன்சனின் மழைக்கோட்டுக் கூரை இரண்டும் சேர்ந்தால் இதுதான். வழக்கு தீரவில்லை, இரண்டாகப் பிரித்து இரண்டு துணிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

கூடாரமும் சும்மா இருக்கவில்லை. 1992 அமெரிக்காஸ் கோப்பை பாய்மரப் போட்டிக்காக உருவாகி, பின்னாளில் டைனீமா என்று பெயர் பெற்ற பாய்த்துணி மலைக்கு வந்து, ஒருவர் படுக்கும் கூடாரத்தை அரைக் கிலோவுக்கு இறக்கிவிட்டது. இதனால் அடிபட்டது வளைகம்பி வைத்த கனமான பிவிதான். 900 கிராமில் உட்கார இடமில்லாத பையா, 500 கிராமில் உட்கார இடமுள்ள கூடாரமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆனால் கூடாரத்துக்குச் சமதரையும் முளையடிக்க மண்ணும் வேண்டும். பாறை விளிம்பில், சாலையோரப் புதரில், பனிமேட்டில் அதற்கு இடமில்லை. கனடாவின் பான்ஃபிலிருந்து மெக்சிகோ எல்லை வரை ஓடும் டூர் டிவைட் சைக்கிள் பந்தயக்காரர்கள் இன்றும் பிவியை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு போவதற்கு இதுவே காரணம். மாலை அலுவலகம் விட்டுக் குன்றேறிப் படுத்து, காலையில் நேரே வேலைக்குத் திரும்பும் குறும்பயணங்களைப் பிரிட்டனில் பரப்பிய அலஸ்டர் ஹம்ஃப்ரீஸ் கையிலெடுத்ததும் இதே பைதான்.

ஆக, வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது எந்த ஈரம் என்பதுதான். வறண்ட மலை, தார்ப்பாய் கையில் உண்டு, பனி மட்டுமே கவலை என்றால் 200 கிராம் காற்றோட்ட ரகம். தார்ப்பாய் இல்லாமல் மழையில் கிடக்கும் நிலை வரலாம் என்றால், தையல்களில் டேப் ஒட்டிய முழு நீர்புகாப் படல ரகம். அது 400 முதல் 700 கிராம் வரை போகும். வெறும் முன்னெச்சரிக்கை என்றால் 100 கிராம் பளபளப்புத் தாள்.

அளவில் ஏமாறக் கூடாது. கடையில் சட்டையோடு நுழைந்து பார்த்தால் எல்லா பிவியும் தாராளமாகத்தான் இருக்கும். ஸ்லீப்பிங் பேக்கை உதறி உப்பவைத்து, அதோடு நுழைந்து பார்க்க வேண்டும். உறை இறுக்கினால் தூவி நசுங்கும், நசுங்கிய தூவியில் காற்றில்லை, காற்றில்லாவிட்டால் சூடில்லை. பாயையும் உள்ளே வைப்பதானால் அதற்கும் இடம் கணக்கிட வேண்டும். உள்ளே வைத்தால் புரளும்போது பாய் நழுவாது, முள் குத்தாது. வெளியே வைத்தால் உறைக்குள் இடம் கிடைக்கும். ஜிப் பக்கவாட்டில் நீளமாக இருந்தால் ஏறி இறங்க வசதி, மார்புக்குக் குறுக்கே குட்டையாக இருந்தால் எடை மிச்சம், மழை புகும் வழியும் குறைவு. முகத்தருகே கொசுவலை இல்லாத பிவியைக் கோடையில் எந்தக் காட்டுக்கும் எடுத்துப்போக வேண்டாம்.

கோர்-டெக்ஸ் வகைப் படலங்களையும் நீர் உருட்டும் பூச்சுகளையும் பற்றி இன்னொரு செய்தி. நீண்ட காலம் இவற்றில் பயன்பட்ட ஃப்ளூரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் அவற்றைக் கைவிடும் வேலை நடக்கிறது. கலிபோர்னியா 2025 முதல் துணிகளில் இவற்றைப் பெரும்பாலும் தடை செய்திருக்கிறது. புதிய பூச்சுகள் எண்ணெய்ப் பசையை அவ்வளவாகத் தாங்குவதில்லை. அடிக்கடி துவைத்து, பூச்சைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பயன்படுத்துவதில் பாதி வேலை இடம் பார்ப்பதிலேயே முடிந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்துக்கு இறங்கும். ஓடைக்கரையும் பள்ளத்தாக்கின் அடியும் கண்ணுக்கு அழகு, விடியும்போது சொதசொதப்பு. சில மீட்டர் மேலே ஏறிப் படுத்தாலே வித்தியாசம் தெரியும். தெளிந்த வானத்துக்கு நேரே கிடக்கும் துணி தன் சூட்டை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதில் பனி படிகிறது. தலைக்கு மேல் ஒரு மரக்கிளையோ தார்ப்பாயோ இருந்தால் அந்த இழப்பு குறையும்.

அடுத்தது மூச்சு. எவ்வளவு குளிரானாலும் மூக்கும் வாயும் உறைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே விடும் மூச்சு துணியில் பட்டு நீராகும், கடுங்குளிரில் உறைபனியாகும். முகம் குளிர்ந்தால் கம்பளித் தொப்பியும் மப்ளரும் போதும். மழைக்காக உறையை முழுக்க மூட நேர்ந்தால், காற்று வர ஒரு வாய் திறந்தே இருக்கட்டும். காற்று புகாத துணிக்குள் முழுக்க மூடிப் படுப்பது ஆபத்து. உள்ளே அடுப்பு மூட்டுவது பற்றிய பேச்சே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. படலத்தின் வழியாக ஆவி வெளியேற, உள்ளே ஆவி அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். இமயமலையில் அது நடக்கும். கடற்கரைச் சமவெளியின் புழுக்கத்தில் உள்ளும் புறமும் ஒரே ஈரம் என்பதால் எவ்வளவு விலை கொடுத்த படலமும் வெறும் பிளாஸ்டிக்காகிவிடும். அங்கே கொசுவலையும் தார்ப்பாயும் போதும். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி முதலில், பை அப்புறம்.

பிவி கிழிந்து போவதைவிட மக்கிப் போவதுதான் அதிகம். காலையில் அப்படியே சுருட்டித் திணித்தால் பூச்சு உரியும், பூஞ்சை பிடிக்கும். வெயில் ஏறியதும் உட்புறத்தை வெளியே திருப்பி அரை மணி நேரம் உலரவிட வேண்டும்.

புதுப் பையை மலைக்குத் தூக்கிப் போவதற்கு முன் மார்கழியில் ஓர் இரவு மொட்டை மாடியில் விரித்துப் படுத்துப் பாருங்கள். விடிந்ததும் உறைக்கு மேலே ஒரு கை, ஸ்லீப்பிங் பேக்கின் மேல் ஒரு கை வைத்துப் பாருங்கள். மேலே மட்டும் ஈரமானால் பை தன் வேலையைச் செய்திருக்கிறது. உள்ளே மட்டும் ஈரமானால் அது உங்கள் ஈரம்; இன்னும் காற்றோட்டமான மேல்துணி உள்ள ரகத்தையும் கூடவே ஒரு தார்ப்பாயையும் தேடுங்கள். இரண்டும் நனைந்திருந்தால் அரைக் கிலோ கூடாரத்தின் விலையை விசாரிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.